முன்னறைக் காற்றுத்துளை

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தமிழாக்கள் வீட்டில் யன்னல் இறுகினாலும் கதவிடுக்கால் குளிர் வந்தாலும், "கிறிஸ்துராஜாவுக்கு ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லுங்கோ" என்பார்கள். பதினாறு வருடம் ஜேர்மனியில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் நின்றவர். மகள் கிரிஜா ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று, 2001இல் மனைவி செல்வமலரையும் மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். வந்த முதற்கிழமையே இந்த ஊர் வீடுகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"அரிதட்டுக்குக் கூரை போட்டுவிட்டு வீடெண்டு விக்கிறாங்கள்" என்றார்.

அதுவே அவருக்குப் பிழைப்பாயிற்று. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் புறங்கையை யன்னற்சட்டத்தோரம் மெல்ல ஓட்டிப் பார்ப்பார். காற்று எங்கே நுழைகிறது என்று அந்தக் கை சொல்லிவிடும். அதிகம் பேசாத மனிதர். செய்த வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் பெருமை பேசுவார்.

அவருடைய வீட்டையே பூச்சிகள் மொய்க்கத் தொடங்கியது 2009 இலையுதிர்காலத்தில். பின்வீட்டுக்காரரின் வளவில் பெரிய பைன்மரம் ஒன்று நின்றது. மண்ணிறத்தில், கேடயம்போல் முதுகு தட்டையாய், நீண்ட கால்களுடைய பூச்சிகள் அதிலிருந்து பறந்துவந்து வெயில்படும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பொழுது சாய்ந்து குளிர் ஏற, வெடிப்புக்குள்ளாலும் இடுக்குக்குள்ளாலும் வீட்டுக்குள் ஊர்ந்து வந்துவிடும். கடிக்காது. ஆனால் நசுக்கினால் வருகிற நாற்றம் அரைநாள் போகாது. செல்வமலர் ஒருமுறை தூசுறிஞ்சியால் இழுத்துப் பார்த்தாள். பிறகு அந்த மெசினைப் போடும்போதெல்லாம் வீடே நாறியது. கடைசியில் யோகட் டப்பாவில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றாகத் தட்டி விழுத்தினாள்.

ஒக்ரோபர் முதல் ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் இருந்தபோது அவளுடைய கோட்டுக் கழுத்துக்குள்ளிருந்து ஒரு பூச்சி வெளியே வந்தது. தட்டிவிட்டாள். அது முன்வாங்கில் இருந்த பெண்ணின் பட்டுச்சேலையில் போய் விழ, அவள் பதறிப்போய்க் கையால் நசுக்கிவிட்டாள். மூன்று வாங்குக்கு நாற்றம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், "வீட்டைக் கூட்டுறேல்லைப் போல" என்று மெதுவாகச் சொன்னது செல்வமலரின் காதில் விழுந்தது.

அவருடைய வேலை வானில் வீட்டுக்கு வரும்போது அவள் கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அழுதாள்.

"இதுக்கேன் அழுகிறீர்?" என்றார் கிறிஸ்துராஜா. "வாற சனிக்கிழமை பாரும். ஒரு பூச்சி உள்ளுக்கு வராது."

சொன்னபடியே சனிக்கிழமை விடிய எழும்பினார். எல்லா யன்னற்சட்டங்களையும் சுற்றிச் சிலிக்கன் பசை இழுத்தார். குளிர்காலத்தில் திறக்கத் தேவையில்லை என்று, முன்னறை யன்னலைத் திறக்க முடியாதபடி ஒட்டியே விட்டார். கதவடியில் தூரிகைப்பட்டி அடித்தார். சுவரில் இருந்த காற்றுத்துளைகளுக்கு, காற்று போகும் பூச்சி போகாது என்கிற மெல்லிய கம்பிவலை வைத்தார். முன்னறைக்கு வந்தபோது வலை முடிந்துவிட்டது.

முன்னறையில், அறையைச் சூடாக்கும் பழைய காஸ் அடுப்பு ஒன்று சுவரோடு இருந்தது. குளிருக்கு அதன் முன்னால் இருப்பது செல்வமலருக்குப் பிடிக்கும். அதற்குப் பக்கத்தில், நிலத்தோடு சேர்ந்தாற்போல் இருந்த துளையால்தான் பூச்சிகள் ஆகக்கூடுதலாக வந்தன. அந்த அடுப்பு மூச்சு விடுவதற்கான துளை அது. அவருக்கு அது நன்றாகவே தெரியும். வேறு வீடுகளில், "இதை மட்டும் மூடிப்போடாதேங்கோ" என்று விரல் நீட்டிச் சொல்கிறவர் அவர். வெள்ளிநிற ஒட்டுநாடா ரேப்பை அகலமாய் இழுத்து, உள்ளேயும் வெளியேயும் இரண்டு மடிப்பு ஒட்டினார். திங்கட்கிழமை வலை வாங்கி வந்து மாற்றலாம் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டுக்கு ஏழு யன்னலும் மாற்ற வேண்டும் என்று அழைப்பு வந்தது. விடியப் போய்ப் பொழுதுபட வருவார். வீட்டுக்குள் ஒரு பூச்சியும் இல்லை. செல்வமலர் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். ரேப் அவருடைய ஞாபகத்தில் இருந்தே போய்விட்டது. அந்தக் கிழமைகள் வெயிலாகவும் இருந்தன. ஒருவரும் அடுப்பை மூட்டவில்லை.

மாதக் கடைசியில் குளிர் இறங்கியது. செல்வமலர் முன்னறையில் அடுப்பைப் போட்டுக்கொண்டு, தமிழ் றேடியோவைக் கேட்டபடி இருப்பாள். இரண்டாம் நாள் தலையிடி என்றாள். மூன்றாம் நாள் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். அது பன்றிக்காய்ச்சல் வருடம். எங்கே பார்த்தாலும் அதுதான் கதை. அதற்கென்று அரசாங்கம் வைத்திருந்த இலக்கத்துக்கு அவர் போன் அடித்துக் கேட்டார். மறுமுனையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஓம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, காய்ச்சல் என்கிற ஒன்றைத் தவிர. உடம்பு சூடாகத்தானே இருக்கிறது என்று அதற்கும் ஓம் என்றார். அடுப்புக்கு முன்னால் இருந்தவளின் உடம்பு வேறு எப்படி இருக்கும்? வெளியே போகாமல் வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மருந்தை எடுத்துவந்து கொடுத்தார். முன்னறைச் சோபாவில் படுக்கவைத்து, கம்பளியால் போர்த்தி, அடுப்பைத் தன் கையாலேயே இன்னும் ஒரு படி கூட்டிவிட்டார்.

பின்னேரங்களில் அவருக்கும் தலை இடித்தது. தனக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தார். வேலைக்குப் போனால் பத்து மணிக்கெல்லாம் சுகமாகிவிடும். அதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. முன்னறை யன்னற்கண்ணாடியில் தண்ணீர் கோடுகோடாய் வடிந்தது. காற்றோட்டம் இல்லாத அறை அது என்று அடுத்தவர் வீடாக இருந்தால் வாசலில் நின்றே சொல்லியிருப்பார். தன் வீட்டில் துணி எடுத்துத் துடைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை, வரவேண்டிய கண்ணாடி வராததால் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தார். செல்வமலர் சோபாவுக்குக் கீழே சரிந்து கிடந்தாள். வாயோரம் சத்தி. கூப்பிட்டார். அசைவில்லை. அடுப்பின் நெருப்பு நீலமாய் இல்லாமல் மஞ்சளாய் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளிநிற ரேப்.

ஓடிப்போய் யன்னலைத் தள்ளினார். அவர் ஒட்டிய யன்னல், அசையவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு, அவளைக் கைகளுக்குக் கீழே பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். அம்புலன்ஸ் வரும்வரை, திறந்த கதவுக்குள் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

காஸ்காரன் மறுநாள் வந்து அடுப்பைக் கழற்றினான். புகைபோக்கியிலும் பழைய பறவைக்கூடு ஒன்று பாதி அடைத்திருந்தது. சுவரில் இருந்த ரேப்பை உரித்தபோது, பின்பக்கத்தில் ஆறேழு பூச்சிகள் ஒட்டியிருந்தன. இரண்டு இன்னும் காலை அசைத்தன. இதை யார் மூடினது என்று அவன் கேட்டான். கிறிஸ்துராஜா தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.

லெஸ்ரரில் வேலைசெய்யும் கிரிஜா அன்றைக்கே வந்துவிட்டாள். அவன் போனபிறகு குசினியில் நின்று கேட்டாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியும்தானே? மற்ற ஆக்களுக்கு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

"ஓம்."

"பேந்து ஏன்?"

"வலை முடிஞ்சு போச்சு, பிள்ளை."

அவள் தாயின் உடுப்புகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு போன் எடுக்கும் நாட்களில், "அம்மாட்டக் குடுங்கோ" என்பதைத் தவிர அவரோடு ஒன்றும் பேசுவதில்லை.

செல்வமலர் பத்து நாளில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். தப்பிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று கிழமை கழித்துத்தான் தொடங்கியது. பெயர்கள் மறந்தன. கை நடுங்கியது. சட்டைக்குப் பொத்தான் போட ஏலவில்லை. காற்றில்லாமல் எரிந்த அடுப்பின் நச்சுவாயு மூளையில் பட்டால் இப்படிப் பிந்தி வருவதுண்டு, கொஞ்சம் திரும்பலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்றார் டொக்டர். கிறிஸ்துராஜா வானை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். அவளுக்குச் சீப்பால் தலை இழுத்தார், சோறு குழைத்துக் கொடுத்தார், பின்னலின் முடிவில் றிபன் கட்டப் பழகினார்.

எல்லாம் மறந்தவளுக்கு ஒன்று மட்டும் புதிதாக ஞாபகம் வந்தது. பார்க்க வருகிறவர்களிடம் சொல்வாள்: "நான்தான் அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னனான்."

"அவ சும்மா சொல்லுறா. நான்தான் அடைச்சனான். இவ கேக்கவேயில்லை" என்று அவர் உடனே மறுப்பார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஆளை ஆள் விட்டுக்கொடுக்காத புருசன் பெண்சாதி என்று வெளியே போய்ச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அவள் சொல்வதில் ஒரு சொல் கூடியது. அவர் மறுத்துக்கொண்டே இருந்தார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை, ஜேர்மனியில் அவரோடு வேலைசெய்த பெனடிக்ற் டூட்டிங்கிலிருந்து பார்க்க வந்தார். செல்வமலர் அன்று நன்றாக இருந்தாள். வசனங்கள் முறியாமல் வந்தன.

"இவர் வேண்டாமெண்டுதான் சொன்னவர், தம்பி. ஆபத்தெண்டு சொன்னவர். நான்தான் பூச்சி வருது பூச்சி வருதெண்டு நிண்டு பிடிச்சு அடைப்பிச்சனான். பாவம், இவர் என்ன செய்யிறது?"

பெனடிக்ற் கிறிஸ்துராஜாவைப் பார்த்தார். அவர் மனைவிக்கு ஊற்றிய தேநீரில் சீனியைக் கரைத்தார். நாலு மாதமாக மறுத்து மறுத்துக் களைத்திருந்தார். யாரும் நம்பியதாகவும் தெரியவில்லை.

"மனசைப் போட்டு உழட்டாதேங்கோ அண்ணை" என்று பெனடிக்ற் அவருடைய முழங்காலில் தட்டினார். "உங்களில என்ன பிழை?"

கிறிஸ்துராஜா தேநீர்க் கோப்பையை எடுத்து, மனைவியின் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, அது நடுங்காமல் வெளியே தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஆறப்போகுது, குடியும்" என்றார்.