பெடல் பக்கத்து ஆள்

“அமுக்கு... அமுக்கு... அமுக்கு. புடி!”

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி கிளட்ச் அண்ணன் கத்துகிறார். மேலே ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவி மூன்று முறை மிதித்து, மூன்றாவது மிதியில் பெடலை அப்படியே அழுத்திப் பிடிக்கிறாள். கீழே அவர் ஸ்பானரால் ஒரு சின்னத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துகிறார். கிளட்ச் லைனில் புகுந்த காற்று, ஆயிலோடு குமிழிகளாகக் குழாய் வழியே பாட்டிலுக்குள் வந்து விழுகிறது. திருகை இறுக்கிவிட்டு, “விடு” என்கிறார். விடுகிறாள். பத்தொன்பது வருடமாக இருவருக்கும் இதுதான் பிழைப்பு. பட்டறைப் பலகையில் அவர் பட்டப்பெயர் மட்டும் இருக்கிறது.

கிளட்ச் கோளாறு என்றால் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் பெடலை ஒரு தரம் மிதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். “பிளேட் கிடக்கட்டும். லைன்ல காத்து” என்பார். பெரும்பாலும் காற்றாகத்தான் இருக்கும். இல்லாதபோதும் காற்று என்றே சாதிப்பார். சொன்ன வாயை மாற்றுவது அவருக்கு ஆகாது.

அந்த வாய்தான் ஒன்பது நாளைக்கு முன் மச்சானிடம், “உங்க அக்காவுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? மிதின்னா மிதிப்பா” என்றது. அடுப்படியில் இருந்தவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. உப்பு கேட்டால் உப்பு வரும், பதில் வராது. பட்டறையில் மட்டும் மூன்று சொற்களுக்கு அனுமதி. அவற்றையும் அவர்தான் சொல்வார்.

இந்த நிலைமையில் இன்று காலை, ஐஸ்காரம்மாவின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் நாற்பது பாளம் ஐஸ். கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு, கியர் விழ மாட்டேன் என்றது.

“சீக்கிரம் பாருங்கண்ணே. மத்தியானம் தாண்டினா நான் தண்ணி வியாபாரந்தான் பண்ணணும்.”

“காத்துதான்மா. கால் மணி நேரம்.”

காற்றெடுத்தார்கள், பெடல் எழும்பியது. ஐந்து நிமிடத்தில் மறுபடி படுத்துவிட்டது. இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறையும். ஒவ்வொரு தடவையும் ஆயில் குறைந்தது. எங்கோ கசிகிறது. எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. ஐஸ் உருகி வண்டியின் அடிப்பாகம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒவ்வொரு சொட்டையும் விரலில் தொட்டு முகர்ந்தார். எல்லாம் தண்ணீர். சட்டை நனைந்து, பல் கிட்ட ஆரம்பித்தது.

“கியர்பாக்ஸ இறக்கித்தான் பாக்கணும் போல” என்று கடைசியில் பிடிவாதத்தை விட்டு இறங்கிவந்தார். ஐஸ்காரம்மா தலையில் கை வைத்தாள்.

அப்போது இருக்கையிலிருந்து குரல் வந்தது. அவரிடம் இல்லை, ஐஸ்காரம்மாவிடம்.

“என் கால் நனைஞ்சிருக்கும்மா. மொத தடவை மிதிச்சப்பவே நனைஞ்சுது. தண்ணின்னா இப்படி வழுக்காது.”

அண்ணன் ஊர்ந்து வெளியே வந்து, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெடலுக்கு மேலே, ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் போய்விட்டது. ஆயில் பெடல் வழியாக வழிந்து, வண்டிக்குள்ளேயே, அவள் பாதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

“மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“மிதின்னுதானே சொன்னீங்க?”

ஐஸ்காரம்மா அவசரமாகத் தன் ஐஸைப் பார்க்கப் போனாள்.

சீல் மாற்ற அரை மணி நேரமானது. இனி ஒரு தடவை காற்றெடுத்தால் வண்டி கிளம்பிவிடும். அவள் வழக்கம்போல ஏறப் போனாள். அவர் முந்திக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்து, பெடல் மேல் காலை வைத்து, ஜன்னல் வழியே ஸ்பானரை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

“இது பதினொண்ணு. காத்துத் திருகுக்குப் பத்து குடுங்க” என்று அதை அவர் மடியிலேயே திருப்பிப் போட்டாள்.