மதினி தொடங்கிய கொட்டகை

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் எனக்குக் குச்சி அடுக்கும் வேலை. கணவர் லாரியோடு வெளியூர்களில் இருப்பார். மகளுக்கு ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. தானாகச் சாப்பிடத் தெரியாது. மூளை வளர்ச்சி குறைவு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வேறு வழி தெரியாமல் அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவேன். மதியம் ஓடி வந்து சோறூட்டிவிட்டு மறுபடியும் பூட்டுவேன்.

ஒருநாள் சாயங்காலம் திரும்பும்போது, பின்தெருக்காரர் ஒருவர், நாங்கள் மதினி என்று கூப்பிடுகிறவர், எங்கள் ஜன்னலோரம் நின்றிருந்தார். உள்ளேயிருந்து மகள் அவருடைய விரலைப் பிடித்திருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அழுதுக்கிட்டே கெடந்தா. அதான் பேச்சுக் குடுத்துக்கிட்டு நின்னேன்,” என்றார். “நீ எதுக்குட்டி தலையக் குனியுத? நானும் பூட்டிட்டுப் போனவதான்.”

அவருக்கும் அப்படி ஒரு மகன், இருபது வயதில் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

விசாரித்ததில் அக்கம்பக்கத்தில் இன்னும் மூன்று வீடுகள். ஐந்து தாய்மாரையும் மதினி கூட்டிவைத்தார். “ஆளுக்கு ஒருநாள் வேலைய விடுவோம். அன்னைக்கு எல்லாப் பிள்ளையளையும் அவ பாக்கட்டும்,” என்றார். சனிக்கிழமைக்கு ஆள் இல்லையே என்றேன். “அதையும் நானே பாத்துக்கிடுதேன்.”

என் முதல் புதன்கிழமையில் ஒருத்தி தெருவுக்கு ஓடினாள், ஒருவன் சோற்றைக் கொட்டினான், நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். எட்டிப் பார்க்க வந்த மதினி, “எல்லாரும் சாப்பிட்டாச்சுல்லா? அப்ப நீ செயிச்சிட்ட,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழுகுமலையிலிருந்தும் பஸ்ஸில் பிள்ளைகளைக் கூட்டிவர ஆரம்பித்தபோது யார் வீட்டிலும் இடம் போதவில்லை. எங்கள் முதலாளியின் சரக்குக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. பிள்ளைகளோடு போய்க் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

“நல்லா யோசிங்க அண்ணாச்சி. நாங்க இங்கனயே இருக்கோம்,” என்று மதினி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் சாவி கைக்கு வந்தது.

பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். எந்த வேலையையும் சின்னச் சின்னதாகப் பிரித்துச் சொல்லித்தர எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார். சோற்றைப் பிசைய, அள்ள, வாய்க்குக் கொண்டுபோக என்று மகளுக்கு ஏழு மாதம் பிடித்தது. அவள் தானாக உண்ட முதல் கவளத்தைப் பார்த்து ஐந்து பேரும் கைதட்டினோம்.

மதினியின் மகன் வலிப்பு வந்து இறந்துபோனான். இனி அவர் வரமாட்டார் என்றே நினைத்தோம். யாருக்காக வருவார்? பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், வழக்கமான நேரத்துக்கு வந்து பாயை விரித்தார். அவரே சொன்னார்: “அவன் போயிட்டான். மத்தப் பிள்ளையள்லாம் வந்துருமே.”

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த மாதிரி மனசு எனக்கு இருந்திருக்குமா என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது சங்கமாகப் பதிந்திருக்கிறோம். புதூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு வேன் போய்வருகிறது. என் மகளுக்கு முப்பது நெருங்குகிறது. மதியச் சமையலுக்குக் காய் நறுக்குகிறாள். எனக்குப் பிறகு இவள் கதி என்ன என்ற பயம் மட்டும் போகவில்லை. போன கூட்டத்தில் அதைச் சொன்னேன். பெற்றோர் இல்லாதவர்கள் தங்க, கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை கட்டுவதென்று மதினி அங்கேயே முடிவெடுக்க வைத்தார். இந்த வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்கள். கரிசல் மண் வெடித்து விலகும் என்பதால் ஆழமாகத் தோண்டச் சொல்லி, குடையைப் பிடித்துக்கொண்டு கொத்தனார் பக்கத்திலேயே மதினி நிற்கிறார்.