கொழும்பிலும் அதனை அண்டிய பகுதிகளிலும்

ரமழான் தலை நோன்புக்கு நான்கு நாள் இருக்கும்போது கல்முனை பஸாருக்கு ரேடியோ வாங்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். நான்கு கடை ஏறி இறங்கியவள் நான்.

முதல் கடையில் ப்ளூடூத் ஸ்பீக்கர் காட்டினார்கள். இரண்டாவது கடையில், சுவரை மறைக்கிற அளவில் ஒரு டீவி. மூன்றாவது கடைக்காரர் நான் “ஏ.எம். கேட்கிற ரேடியோ” என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். நான்காவது கடைக்காரர்தான் ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார்.

“இது வட்டைக்குப் போற ஆக்கள்தான் வாங்குவாங்க” என்றார்.

வயல் வரப்பில் பத்தடி நடந்தால் ஒற்றைச் செருப்போடு திரும்புகிற ஆள் நான். எனக்கும் அந்த வயல் வட்டைக்கும் என்ன சம்பந்தம்? அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை அப்போதே காதில் வாங்கியிருந்தால் ஒரு மனுஷியின் மூன்று வாரக் கவலையை நான் நான்கு நாள் முன்னதாகவே தீர்த்திருக்கலாம்.

அந்த மனுஷி என் கூட்டாளி ஹிதாயா. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். அவள் அண்மையில் ஒரு வானொலி வாங்கியிருக்கிறாள். பெட்டி இல்லை... நிலையம். கம்பம், ட்ரான்ஸ்மிட்டர், கூரை ஒழுகும் கட்டடம், கம்பத்தடியில் குடியிருந்த ஆடுகள் உட்பட.

கொழும்பில் ஒரு வானொலியில் இருபத்திரண்டு வருஷம் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். முகம் தெரியாவிட்டாலும் அவளுடைய குரல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோன்பு மாதத்தில் ஒவ்வொரு மாலையும், “கொழும்பிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் இப்போது நோன்பு திறக்கும் நேரம்” என்று சொல்லுமே, அந்தக் குரல்.

அந்த வசனத்தோடு எங்கள் கிழக்குக் கரையோரத்துக்கு ஒரு பழைய மனஸ்தாபம் உண்டு. சூரியன் எங்கள் கடலில் முதலில் எழும்பும். அதே கணக்கில் எங்களை விட்டுத்தான் முதலில் போகும். கொழும்புக்குப் பொழுது பட இன்னும் எட்டு நிமிடம் வேண்டும். ரேடியோவில் நேரம் சொல்லும்போது நாங்கள் இரண்டாவது கோப்பைக் கஞ்சியில் இருப்போம். அண்டிய பகுதி என்கிறார்களே, அதில் நாங்கள் எந்தக் காலத்திலும் வந்தது கிடையாது. சின்ன வயதில் ஹிதாயா இதற்காகவே ரேடியோவோடு கோபித்துக்கொண்டு அதன் கழுத்தைத் திருகி மூடுவாள். பிறகு அவளே அதற்குள் போய் இருபத்திரண்டு வருஷம் அதே வசனத்தைச் சொன்னாள் என்பது வேறு கதை.

ஓய்வு பெற்று வந்தவள், ஊருக்கு மேற்கே வயலோரத்தில் மூடிக்கிடந்த சிறிய சமூக வானொலியை வாங்கினாள். ஊர்ச் சங்கம் ஒன்று தொடங்கி, கொஞ்ச நாள் நடத்தி, கைவிட்ட நிலையம் அது. அதுவும் ஏ.எம்.

அவளுடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன், தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தக் காலத்தில் ஏ.எம். யார் கேட்கிறார்கள், கம்பத்தை வெட்டிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு என்றார். நான் வெளியே அவளுக்குத் தைரியம் சொன்னேன். உள்ளுக்குள்ளே காக்கா பக்கம்தான்.

அவளை நம்பிய ஒரே ஆள் காரைதீவுச் சிவானந்தம் அண்ணன். ட்ரான்ஸ்மிட்டர்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற டெக்னீஷியன். சாக்கைப் போட்டு மூடிக்கிடந்த அந்த மெஷினை இரண்டு மாதம் கழற்றிப் பூட்டி உயிர் கொடுத்தவர் அவர். ஈரமண்ணில் மீடியம் வேவ் நல்லாய் ஓடும் என்பது அவருடைய வேதம். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் விவசாயிகளுக்கு முன்னால் அவர் முகம் மலரும். “இண்டைக்கு எங்கட சத்தம் பொத்துவில் தாண்டும் தங்கச்சி” என்பார்.

பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை ஒலிபரப்பு. எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், எந்த ஊரில் யாருடைய ஜனாஸா, நல்லடக்கம் எத்தனை மணிக்கு, மீன் என்ன விலை, நடுவில் கொஞ்சம் நபிபுகழ் பாடும் கஸீதா, கொஞ்சம் பாட்டு. கால் மணிக்கொரு தரம் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லி, உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

மூன்று வாரம். ஒரு கோல் வரவில்லை.

பொய் சொல்லக் கூடாது, ஒன்று வந்தது. குரலை மாற்றி, அக்கரைப்பற்றிலிருந்து ஒரு நேயர் என்று பேசினேன். இரண்டாவது வசனத்திலேயே, “புள்ள, நீதானே” என்றாள்.

அன்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். குசினியில் நின்றபடி, சாதாரணமாகச் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஆனால் கையில் இருந்த தேநீரைக் குடிக்கவில்லை.

“இந்த நோன்பு முடியிற வரைக்கும் பாப்பன். நாலு பேர் கேக்கிறாங்க என்டு தெரிஞ்சாப் போதும், நடத்துவன். இல்லாட்டி காக்கா சொன்ன மாதிரிக் கம்பத்தக் குடுத்துட்டுக் கொழும்புக்கே போறன். ஆருமில்லாத இடத்தில எவ்வளவு நாளைக்குப் புள்ள கதைக்கிற?”

கதைப்பதையே தொழிலாகக் கொண்டவளுக்கு அதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? அதனால்தான் மறுநாள் பஸாருக்குப் போனேன். அவளுக்குக் கள்ளக் குரலில் பேசாத ஒரு நேயராவது இருக்கட்டும் என்று.

தலை நோன்பு வந்தது.

மேசையில் கஞ்சி, சமோசா, ஈச்சம்பழம். கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் என் புது ரேடியோ. ஹிதாயா கஸீதா போட்டு, அழகாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. அடுத்த பள்ளியில், அதற்கடுத்த பள்ளியில்... நாங்கள் நோன்பு திறந்துவிட்டோம். ரேடியோ மட்டும் திறக்கவில்லை. இன்னும் சில நிமிடங்களில் நோன்பு திறக்கும் நேரம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, இன்னொரு கஸீதாவைப் போட்டது.

என் கணவர் ரேடியோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒன்ட கூட்டாளிக்கு இன்னம் பொழுது படல்லயோ?”

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். ஸ்டூடியோவுக்குள் போகும்போது அணைத்துவிடுவாளே. ஐந்து நிமிடம், ஆறு, ஏழு. கஸீதா முடிந்தது. அந்தப் புகழ்பெற்ற குரல் வந்தது.

“கொழும்பிலும் அதனை அண்டிய பகுதிகளிலும்...”

நின்றுவிட்டது. ரேடியோவில் மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கதிரை நகரும் சத்தம். பிறகு மிகச் சின்னதாக ஒரு “யா அல்லாஹ்”. அதன் பிறகு பாங்கு.

நிலையத்து இலக்கத்துக்கு எடுத்தேன். எங்கேஜ். திரும்ப எடுத்தேன். எங்கேஜ். பதற்றத்தில் ரிசீவரைக் கழற்றி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். மஃரிபைத் தொழுதுவிட்டு, ஃப்ளாஸ்கில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன்.

சிவானந்தம் அண்ணன் வாசலிலேயே நின்றார். முழுக் கதையும் அவரிடம்தான் கிடைத்தது. ஊரில் பாங்கு கேட்டதும் அவர் ஸ்டூடியோக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். அவள் கையைத் தூக்கி, சவுண்ட் எல்லாம் சரி என்றிருக்கிறாள். திரும்பத் தட்டி, வாயைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். தேநீர் பிறகு குடிப்போம் என்று சைகை செய்திருக்கிறாள். மேற்கே கையைக் காட்டியிருக்கிறார். ஜன்னலே இல்லாத அறைக்குள் மேற்கு எது, கிழக்கு எது? விரலை உதட்டில் வைத்து அவரை அடக்கிவிட்டாள்.

தவறு எப்படி நடந்தது என்றால், வெறும் கைப்பழக்கம். ஸ்டூடியோச் சுவரில் நோன்பு நேர அட்டவணை ஒன்றை அவளே ஒட்டியிருந்தாள். கொழும்பிலிருந்து அவள் துணிப்பெட்டியோடு வந்த, கொழும்பு நேர அட்டவணை. வருஷா வருஷம் அதைப் பார்த்தே வாசித்த கண்ணுக்கு, அதன் தலைப்பை வாசிக்கத் தோன்றவில்லை. ஊர்ச் சத்தம் ஒரு துளியும் உள்ளே வரக் கூடாது என்று சுவரெல்லாம் கம்பளம் அடித்து, இரட்டைக் கதவு போட்டதும் அவள்தான். ஊருக்கென்று வானொலி தொடங்கியவள், ஊர் கேட்காத ஓர் அறையைக் கட்டி அதற்குள் உட்கார்ந்திருந்தாள். நல்ல வேளை, விடியற்காலையில் ஒலிபரப்பு இல்லை. ஸஹரில், சாப்பாட்டை நிறுத்தி நோன்பு தொடங்கும் நேரத்தை எட்டு நிமிடம் பிந்திச் சொல்லியிருந்தால் அத்தனை பேருடைய நோன்புக்கும் அவள் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அத்தனை பேருடைய... எந்த அத்தனை பேர்?

உள்ளே போனேன். ஹிதாயா தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது. கண் சிவந்திருந்தது. “ஓம்... மன்னிச்சிக்கங்க... ஓம் காக்கா” என்று சொல்லிச் சொல்லி, வைத்த கையோடு அடுத்த கோலை எடுத்தாள். என்னைக் கண்டதும் ஸ்பீக்கரைப் போட்டாள்.

சம்மாந்துறைக்கு அப்பால், வட்டைக்குள் யானைக் காவலுக்குப் போன ஒருவர்.

“பள்ளிச் சத்தம் இஞ்ச வாறல்ல ராத்தா. நாலு பேர் ஈத்தம்பழத்தக் கையில வெச்சிக்கிட்டு ஒங்கட ரேடியோவப் பாத்துக்கிட்டே இரிந்தம். பொழுது பட்ட மாதிரித்தான் இரிந்திச்சி. ஆனா நீங்க சொல்லல்லயே.”

கோபமில்லை. நாளைக்கு நேரத்துக்குச் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது வீரமுனையிலிருந்து ஒரு விவசாயி. பக்கத்து வயல் காக்கா நோன்பு பிடிக்கிறவராம். ரேடியோவில் பாங்கு கேட்டதும் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பது இந்த நோன்புக்கு இவர் ஏற்றுக்கொண்ட வேலையாம்.

“தேத்தண்ணிய ரெண்டு தரம் சூடாக்கினன் பிள்ள. அந்த மனிசன் வாயே திறக்கல்ல, ரேடியோ சொல்லட்டும் எண்டு இருந்திட்டார்” என்றார்.

சிவானந்தம் அண்ணன் ஒவ்வொரு கோலையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், ஆற்றோரத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறவர், பொத்துவில் பக்கம் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள். பக்கம் நிறைந்து மறுபக்கமும் பாதி. ஒருவர்கூட டவுணுக்குள் இல்லை. டவுணில் தெருவுக்கொரு பள்ளிவாசல் இருக்கும்போது ரேடியோ எதற்கு? பள்ளிச் சத்தம் எங்கே முடிகிறதோ அங்கேதான் ஹிதாயாவின் வானொலி தொடங்குகிறது. வட்டைக்குப் போகிறவர்கள்தான் வாங்குவார்கள் என்று அந்தக் கடைக்காரர் சும்மாவா சொன்னார்?

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியாக எடுத்தவரிடம் நானே கேட்டுவிட்டேன். மூன்று வாரமாக இவள் இலக்கத்தைச் சொல்லித் தொண்டை கிழிந்தாளே, அப்போது ஏன் ஒருவரும் எடுக்கவில்லை?

அந்த மனிதர் உண்மையிலேயே குழம்பிப்போனார்.

“தண்ணி வாற நேரம் எல்லாம் சரியாத்தானே சொன்னீங்க. பொறகு என்னத்துக்குக் கோல் எடுக்கிற?”

எவ்வளவு பெரிய உண்மை. இருபத்தாறு வருஷமாக என் வீட்டில் சமைக்கிறேன். கறி சரியாக இருந்த நாளில் மேசையில் ஒரு சத்தம் எழுந்ததில்லை. உப்புக் கூடிய அன்று ஆளாளுக்கு அபிப்பிராயம். நாம் அப்படித்தான். நம்பியிருக்கிற ஒன்றிடம் போய் உன்னை நம்பியிருக்கிறேன் என்று சொல்ல நமக்குக் கூச்சம். அது பிந்தினால்தான் பதறுவோம். ஹிதாயா மூன்று வாரம் கேட்ட மௌனம், திருப்தியாக இருந்த மனிதர்களின் மௌனம்.

ஃப்ளாஸ்கைத் திறந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். அவள் நோன்பு திறந்து வாயில் போட்டது ஒரே ஒரு ஈச்சம்பழம்தான். கஞ்சியைக் குடித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். “புள்ள, பொத்துவில் வரைக்கும் பட்டினி போட்டிருக்கன்” என்றாள். இவ்வளவு பெருமையோடு ஒருத்தி தன் தவறைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் அட்டவணை மாறியிருந்தது. எங்கள் பள்ளிவாசல் தந்தது. ஸ்டூடியோவின் இரட்டைக் கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டாள். மைக்கில் காகம் கத்தியது, மோட்டார் சைக்கிள் போனது. சிவானந்தம் அண்ணனுக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான். கம்பத்தை விற்கும் பேச்சு அதோடு முடிந்தது. அவளுடைய காக்கா என்னிடம் ரகசியமாக, அந்த ரேடியோவை எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்.

ஹிதாயா இரண்டே வசனத்தில் மன்னிப்புக் கேட்டாள். நேற்று நான் இன்னும் கொழும்பிலேயே இருந்துவிட்டேன். இன்றைக்கு ஊருக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான். திறந்த கதவு வழியாகத் தூரத்துப் பாங்கு மெல்ல உள்ளே வந்தது. அதன்மேல் அவள் குரல்.

“கல்முனையிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் இப்போது நோன்பு திறக்கும் நேரம்.”

ஈச்சம்பழம் கையிலேயே இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வசனத்துக்கு அழுவேன் என்று யார் கண்டது?

கொழும்பு? அது இன்னும் எட்டு நிமிடம் பொறுக்கட்டும்.