பூசைப் புத்தகமும் அப்பாவின் பெயரும்

அந்தப் பூசைப் புத்தகத்தைத் திறந்தால் பொரித்த பூண்டின் வாசம் குப்பென்று வரும். மரிபெல் அன்ரி அதைச் சாப்பாட்டுப் பெட்டிகளோடு ஒரே பைக்குள் திணித்துக் கொண்டுவருவார்.

நாங்கள் குடியேறிய மிச்சம் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி அவர். ஞாயிறு காலைகளில் அம்மாவுக்கு எப்போதும் "ஷிப்ட்" இருந்ததால் தேவாலயத்துத் தமிழ்ப் பூசை தவறிவிடும். பின்னேரம் மூன்று மணிக்கு, அவர்கள் நாட்டு மொழியான தகாலோக்கில் நடக்கும் பூசைக்கு அன்ரிதான் எங்களை அழைத்துப் போனார். "எந்தப் பாஷையிலை வைச்சாலும் பூசை பூசைதான்" என்பார் அம்மா. தகாலோக்கை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள் என்பதால், ஒன்பது வயதான நான் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே கடகடவென்று வாசித்துப் பதில் சொல்ல, அங்கிருந்த அன்ரிமார் என் கன்னத்தைத் தட்டிப் பாராட்டப் பாராட்ட, எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அப்பா அப்போது கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை விண்ணப்பித்திருந்த நாட்களில் அம்மா குசினிக் குழாயைத் திறந்துவிட்டு அழுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிறு, கோயில் வாசல் மேசையில் செபத்துக்குப் பெயர் எழுதும் கொப்பிகள் இரண்டு இருப்பதைக் கண்ட அம்மா, "அப்பாவின்ரை பேரையும் எழுதிவிடு பிள்ளை, உனக்குத்தானே அவையின்ரை பாஷை தெரியும்" என்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நிறையப் பெயர்கள் இருந்த கொப்பியில் அப்பாவின் முழுப்பெயரையும் முத்து முத்தாக எழுதினேன்.

பிரசங்கம் முடிந்து பெயர்களை வாசித்தபோது எல்லோரும் தலை குனிந்தார்கள். அப்பாவின் பெயரும் வந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. பூசை முடிந்ததும் முன்பின் தெரியாத ஒரு பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். இன்னொருவர் நூடுல்ஸ் பெட்டியொன்றைக் கையில் திணித்தார். பாடற்குழுவிலிருந்து ஓடிவந்த மரிபெல் அன்ரி, எப்போது காலமானார், ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். நான் எழுதியது இறந்தவர்களுக்கான கொப்பி.

"ஐயோ, அந்தாள் உயிரோடை கொழும்பிலை இருக்கிறார்!" என்று அம்மா தமிழிலேயே கத்திவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எழுதிய குற்றத்துக்கு அப்பாவுக்கு உண்மையாகவே ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம்.

விஷயம் விளங்கியதும் அன்ரிதான் முதலில் சிரித்தார், கண்ணீர் வரும்வரை. பிறகு உயிரோடு இருப்பவர்களுக்கான மற்றக் கொப்பியை எடுத்து அப்பாவின் பெயரைத் தானே எழுதினார். அழ வந்த பெண்கள் எல்லோரும், பூசையில் செய்வதுபோலவே கைகோத்து நின்று, "அமா நாமின்" என்ற கர்த்தர் கற்பித்த செபத்தை மறுபடி சொன்னார்கள். நடுவில் நின்ற அம்மா தமிழில் சத்தமாகச் சொன்னார். அவர் அப்படி வாய்விட்டுச் செபித்து நான் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

விசா கிடைக்கும்வரை ஒரு ஞாயிறு தவறாமல் அந்தப் பெயரை வாசித்தார்கள். அப்பா வந்து சேர்ந்த முதல் ஞாயிறு, அன்ரிமார் வரிசையாக வந்து, உயிரோடுதான் இருக்கிறாரா என்று அவர் கையைக் கிள்ளிப் பார்த்தார்கள்.

இப்போது புத்தகங்கள் இல்லை. சொற்கள் சுவர்த் திரையில் ஓடுகின்றன, பூண்டு வாசமும் போய்விட்டது. அம்மா ஓய்வுபெற்றுத் தமிழ்ப் பூசைக்குப் போக வசதி வந்த பிறகும், அப்பா மூன்று மணிப் பூசையை விடுவதாயில்லை. இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து கடைசிப் பெயர்வரை கவனமாகக் கேட்பார். பிறகு முழங்கையால் என்னை இடித்துச் சொல்வார்:

"இண்டைக்கும் என்னை வாசிக்கேல்லை."