மேற்குப் பார்த்து நிற்கும் வாப்பாவின் கார்

தந்தவன் அல்லாஹ், எடுத்துக்கொண்டவனும் அவனே என்று நாவு சொல்லிவிடுகிறது. மனம்தான் சொல்ல மறுக்கிறது. அதற்கும் அவனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எங்கள் வாப்பா மறைந்து ஓராண்டாகும் இந்நாளில், அவர்களுடைய ஒரே மகளாகிய நான் இந்த நினைவு மலருக்கு இதை எழுதுகிறேன்.

வாப்பா அவர்கள் கல்முனைக்குடியில் ஒரு நெல் வியாபாரியின் மகனாகப் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனை இழந்ததால் படிப்பை விட்டு லொறி ஓட்டப் போனார்கள். சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களிலிருந்து ஆலைகளுக்கு நெல் ஏற்றுவதுதான் தொழில். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து உம்மாவின் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தம்பி பிறந்த பிறகு உம்மாவுக்கு இரண்டு கால்களும் வலுவிழந்துவிட்டன. குடும்பத்தார் கூடி வாப்பாவுக்கு இன்னொரு கலியாணம் பேசினார்கள். வாப்பா எழுந்துபோய், நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்கள். உம்மா அதிலேதான் கலியாண வீடு, சாவு விழுந்த மையத்து வீடு எல்லாம் போய் வந்தார்.

அந்தக் காருக்கு முன்பக்கம்தான் பலவீனம். முன் சக்கரச் சில்லைத் தாங்குகிற கையும், சில்லு இடம் வலம் திரும்புவதற்கான திருகு மரைத் துண்டும் தேய்ந்துவிட்டால் கார் ரோட்டில் ஆடத் தொடங்கும். முற்றிலும் தேய்ந்தால் சில்லு மடிந்து படுத்துவிடும். "இது காரா ஊஞ்சலா?" என்று உம்மா பின் சீட்டிலிருந்து கேலி செய்வார். அந்தக் கேலி பொறுக்காமல் 2004 டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் வாப்பா காரை ஜக்கில் ஏற்றி, கற்களை முட்டுக்கொடுத்து, முன் சில்லு இரண்டையும் கழற்றினார்கள்.

அன்றுதான் கடல் வந்தது.

நானும் தம்பியும் பள்ளிவாசல் மாடிக்கு ஓடித் தப்பினோம். வாப்பா உம்மாவை முதுகில் சுமந்துகொண்டு ஓடினார்கள். தண்ணீர் உம்மாவை அவர்கள் முதுகிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. இதற்கு மேல் அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. "கார் சில்லுல நிண்டிருந்தா" என்று மட்டும் சில நேரம் தொடங்குவார்கள். முடிக்க மாட்டார்கள். கார் இருந்தவர்களிலும் பலர் அன்று தப்பவில்லை என்று நான் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். சுவரோடு கதைத்திருக்கலாம்.

உம்மாவைக் கடற்கரை மையவாடியில் அடக்கினோம். கார் மேற்கே வயல் சேற்றில் கிடந்தது. இரும்புக்குக் கொடுக்கச் சொன்னவர்களை வாப்பா வாசலோடு அனுப்பிவிட்டார்கள். உப்பேறிய முன்பக்கத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, தேய்ந்ததை லேத்தில் கடைந்து, புதிய புஷ் அடித்து, காரை நிமிர்த்தினார்கள். அதன் பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. ஒரு நேரத்தில் ஒரு பக்கச் சில்லைத்தான் கழற்றலாம். பொழுது சாயும் மஃரிபுக்கு முன் அது பூட்டப்பட வேண்டும். எப்போதும் கார் கடலுக்கு முதுகு காட்டி, மேற்குப் பார்த்தே நிற்க வேண்டும்.

புது மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்த என் கணவர் விளங்காமல், மேற்குத்தானே தொழும் திசை என்று நினைத்து, "மாமா, காரும் கிப்லாவப் பாத்துத் தொழுவுதா?" என்று கேட்டுவிட்டார். வாப்பா சிரித்தார்கள். "ஓம் மகன், அது களாத் தொழுவுது" என்றார்கள். தவறிப்போன தொழுகையைப் பிறகு நிறைவேற்றுவதைத்தானே களா என்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாட்டில் சாமான் தட்டுப்பாடு வந்த காலத்தில் வாப்பாவின் கிட்னியும் பழுதாயிற்று. வைத்தியத்தைப் பற்றி நாங்கள் பேசினால் அவர்கள் இடது முன் சில்லைப் பற்றிப் பேசுவார்கள். போன வருடம் ஒரு காலையில், நான் தடுக்கத் தடுக்க, அந்தச் சில்லைக் கழற்றி மரைத் துண்டை என் கணவரிடம் லேத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். இடது பக்கத்துக்கு, வழமைக்கு மாறாகச் சுற்றும் எதிர் மரை. அது தேய்ந்து வழுவழுப்பாகியிருந்ததால் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பும் வாப்பா அன்று சொல்ல மறந்தார்கள். அவர்களுடைய நினைவு தடுமாறத் தொடங்கியிருந்ததை நாங்கள் அறியவில்லை. நாளெல்லாம் டிரக்டர் சாமான்களைக் கடைந்துகொண்டிருக்கும் லேத்துக்காரர் வழமையான மரையையே வெட்டிக் கொடுத்தார். பிற்பகல் அசர் தொழுதுவிட்டு வாப்பா பூட்டப் பார்த்தார்கள். ஏறவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பள்ளிவாசலில் மஃரிபுப் பாங்கு சொல்லும்போது காரின் பக்கத்திலேயே மூச்சு வாங்கிச் சரிந்தார்கள்.

கார் நிற்க, ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வாட்டில் கண் விழித்ததும் என் கையைப் பிடித்தார்கள்.

"மகள், கார் சில்லுல நிக்கிதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. "இல்ல வாப்பா. மரை மாறிப் போய்த்து. திருப்பி வெட்டணும்."

"அப்ப நீங்க எப்பிடிப் போவீங்க?"

நான் வெளியே ஓடி, நிந்தவூரில் மனைவி வீட்டில் இருக்கும் தம்பிக்குப் போன் கோல் எடுத்தேன். "எப்பிடியாவது அதப் பூட்டுடா, வாப்பா உசிரப் புடிச்சிட்டுக் கிடக்கார்" என்று கத்தினேன். தம்பி மூடியிருந்த லேத்தைத் திறக்க வைத்தான். எதிர் மரை வெட்டிக் கையில் எடுத்தபோது வாப்பா போய்விட்டார்கள். அவர்களைத் தோளில் சுமந்துபோய் உம்மா கிடக்கும் மையவாடியிலேயே அடக்கிவிட்டு வந்து, தம்பியும் என் கணவரும் கைமண் கழுவிய ஈரத்தோடு அந்தச் சில்லைப் பூட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை, கோபம்தான் வந்தது.

வாப்பாவை இரவு பகலாகக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், கபுறுக் குழி வெட்டியவர்களுக்கும், அவர்களுக்காக ஓதிய கத்தத்துக்குச் சோறாக்கித் தந்த அயல் வீட்டாருக்கும் எங்கள் நன்றி. லேத்துக்காரர் இன்னும் என் முகம் பார்ப்பதில்லை. அவர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இந்த மலரிலேயே எழுதி வைக்கிறேன். வாப்பாவின் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக.

இந்த ஒரு வருடத்தில் நான் கார் ஓட்டப் பழகிவிட்டேன். முன்பக்கம் ஆடவில்லை. மேற்குப் பார்த்தே நிறுத்துகிறேன். எப்படிப் போவீங்க என்று கேட்டீர்களே வாப்பா, போய்விடுவோம். நான் ஓட்டுவேன், பிள்ளைகள் பின்னால் இருப்பார்கள். கடல் வந்தால் நாங்கள் தப்பிவிடுவோம். நீங்களும் உம்மாவும் கடலோரத்திலேயே இருப்பீர்கள். உங்கள் இருவரையும் விட்டுவிட்டு அந்தக் காரை எப்படி எடுப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.