பள்ளிக்கூரைக்கு மேல் ஒரு கிரேன்

கட்டட சைட்டில் அவளுக்கு உச்சி என்று பெயர். பன்னிரண்டு மாடி உயரத்தில், டவர் கிரேனின் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆறு வருடம் கீழே செங்கல் சுமந்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்து மேலே ஏறியவள். அங்கே கழிப்பறை கிடையாது என்று மதியம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். அவ்வளவு அழுத்தக்காரி.

அன்று மதியம் இரண்டு மணிக்கு எல்லார் போனும் ஒரே நேரத்தில் வானிலை எச்சரிக்கையோடு அலறியது. முக்கால் மணி நேரத்தில் கடும் இடிமழை, மரத்தைச் சாய்க்கிற காற்று. உச்சி தூக்கிக்கொண்டிருந்த கம்பிக்கட்டை இறக்கினாள், கொக்கியை மேலே ஏற்றினாள்.

வாக்கி-டாக்கியில் எஞ்சினியர் கத்தினார். வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான்; அதற்குள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டவர்.

“பிரேக்கை இறுக்கிப் பூட்டிட்டு இறங்கும்மா. இல்லன்னா கிரேன் சுத்திடும்.”

“சுத்தணும் சார். பூட்டி வச்சா காத்தோட மல்லுக்கட்டி அடியோட சாஞ்சிடும். விட்டா காத்து போற பக்கம் அதுவாத் திரும்பிக்கும்.”

“காத்து மேற்கேருந்து வருது. கிரேன் நேரா பள்ளிக்கூடத்து மேலதான் வந்து நிக்கும். உன் பொண்ணு அங்கதானே இருக்கா?”

உச்சி திரும்பிப் பார்த்தாள். கிழக்கே, கண்ணாடிக்கு வெளியே அந்தப் பள்ளிக்கூரை தெரிந்தது. சாயங்காலம் மணி அடித்ததும் அந்த வாசலில்தான் மகளின் இரட்டைச் சடையைத் தேடுவாள். பயிற்சியில் படித்ததெல்லாம் சரிதான், ஆனால் படிக்கும்போது கிரேனுக்குக் கீழே மகள் இருக்கவில்லை.

“இருக்கா. அதனாலதான் சார் விடறேன்.”

“ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு!”

“நான்தான்.”

பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்கினாள். தரையில் கால் பட்டதும் மகளின் டீச்சருக்குப் போன் போட்டாள்.

“டீச்சர், ஜன்னல் பக்கம் ஒரு குழந்தையும் வேணாம். எல்லாரையும் கீழ் மாடி நடு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

தகரக் கொட்டகைக்குள் முண்டியடித்துக்கொண்டிருந்த வேலையாட்களைத் திட்டி வெளியே இழுத்தாள். எல்லாரையும் படிக்கட்டுக்கு அடியில் இருந்த கான்கிரீட் அறைக்குள் தள்ளினாள். எஞ்சினியரும் உள்ளே வந்தார்.

காற்று வந்தது. கொட்டகையின் கூரை காகிதம் மாதிரி பறந்து ரோட்டில் விழுந்தது. கதவிடுக்கில் உச்சி பார்த்தாள். கிரேனின் நீளக் கை மெல்லத் திரும்பி, பள்ளிக்கூரைக்கு மேலே போய் நின்று ஆடியது. எஞ்சினியர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் கிரேனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கிரேன் சாயாமல் நின்றது.

காற்று அடங்கியதும் எல்லாரும் எழுந்தார்கள். “உக்காருங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும்,” என்றாள் உச்சி. எல்லாரையும்விட அவளுக்குத்தான் ஓட வேண்டும்போல் இருந்தது. போனில் மணியைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, அறுந்து கிடந்த மின்கம்பியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மகள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

“அம்மா, கிரேன் நம்ம மேல வந்துடுச்சுன்னு யாரோ சொன்னதும் எல்லாரும் அழுதாங்க. நான் அழல. அது எங்கம்மா வண்டி, சுத்தத்தான் செய்யும், விழாதுன்னு சொன்னேன்.”

உச்சி மகளைக் கட்டிக்கொண்டு, நனைந்த படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.