ஏ எழுத்து மங்கிய மிஷின்

ரிட்டயர் ஆன பிறகு பழைய கதைகளை எழுதப்போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த முறை பெங்களூரிலிருந்து வந்த மகள் ஒரு சின்னப் பலகையை என் முன்னால் வைத்தாள். அதில் ஒன்பது பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு நிற ஸ்விட்ச். கம்ப்யூட்டருக்கு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குகிறவர்கள் இப்படி அழுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். நீலம் டக் டக்கென்று சத்தம் போட்டது. கறுப்பு விரலைத் திருப்பித் தள்ளியது. சிவப்பு, தொட்டதுமே இறங்கியது.

“உனக்கு நீலம்தாம்மா. டைப் அடிச்ச கையாச்சே” என்றாள்.

எனக்கு விரல் சிவப்பிலேயே நின்றுவிட்டது. சுத்த வெண்ணெய். இந்த வெண்ணெய்க்காக எழுபதுகளில் நான் ஒரு திருட்டு வேலை செய்திருக்கிறேன். மகளிடம் இதுவரை சொன்னதில்லை.

முதலமடையிலிருந்து காலை பஸ்ஸில் கொல்லங்கோட்டுக்கு டைப் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா தோட்டக்காரர். மா பூத்திருக்கிறதா என்பதைத் தவிர வேறு எதையும் அண்ணாந்து பார்க்க மாட்டார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “ஒருக்கா எழுது. பாஸானா வேலைக்குப் போ. இல்லீன்னா மாமன் ஊட்டுக்குப் போறதுதான்.” மாமன் மகனை நினைத்தாலே என் விரல்கள் வேகமாக ஓடும்.

கூடப் படித்தவர்களில் ஒருத்திதான் எனக்கு உயிர்த்தோழி. கடைவீதியில் அவள் அத்தாவுக்குத் துணிக்கடை; அப்பாவை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். மெலிந்த கை, சின்ன விரல்கள். நான் மாடு கறந்தவள், என் கை உலக்கை. வேகத்தில் அவள் என்னை எப்போதும் முந்திவிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்தில் பாலக்காட்டில் நடக்கும் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்கு மிஷின்களை நாங்களே கொண்டுபோக வேண்டும். எங்கள் சார் மாங்காய் லாரி பிடிப்பார். மாங்காய்க்குப் போடுவது போலவே வைக்கோல் பரப்பி, மிஷின்களை அடுக்கிக் கட்டுவார். யாருக்கு எந்த மிஷின் என்பது முதல் நாளே முடிவாகிவிடும். அந்த வருஷம் மற்றவர்களுக்கெல்லாம் போக, எங்கள் இருவருக்கும் இரண்டு மிச்சம். ஒன்று ஓரத்து மிஷின். அதில் ஆங்கில ஏ எழுத்தை இடது சுண்டுவிரலால் குத்தாவிட்டால் மங்கலாக விழும். மங்கிய எழுத்து பரீட்சையில் தப்பு. இன்னொன்று, சார் அந்த வாரம்தான் வாங்கி உறை போட்டு வைத்திருந்த மிஷின். பரீட்சைக்கு முன்னால் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

தொடாமல் இருப்பேனா? சீக்கிரம் வந்த ஒரு காலையில் உறையைத் தூக்கித் தட்டிப் பார்த்தேன். கீ தானாக இறங்கியது. மூடிக்கு அடியில், ரிப்பன் பக்கத்தில், ஒரு குட்டிக் கம்பி இருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் எல்லா கீயும் கல்லாகிவிடும், மறுபக்கம் தள்ளினால் வெண்ணெய். பரீட்சை லிஸ்டில் அவள் நம்பர் என் நம்பருக்கு முன்னால். அதனால் முதலில் தேர்ந்தெடுப்பது அவள்தான். நான் கம்பியைக் கல் பக்கம் தள்ளி, உறையைப் போட்டு மூடினேன்.

மிஷின் கட்டுகிற நாளில் சார் உறையை எடுத்தார். “ஆத்தா, நீ மொதல்ல பாத்துச் சொல்லு” என்று அவளைக் கூப்பிட்டார். அவள் புது மிஷினில் நாலு எழுத்து அடித்தாள். ஓரத்து மிஷினில் நாலு எழுத்து அடித்தாள். “எனக்கு ஓரத்து மிஷினே போதுங்க சார்” என்றாள். என் நெஞ்சு குதித்தது. சார் உடனே புது மிஷினை வைக்கோலில் இறக்கிவிட்டார், கம்பியைத் திருப்ப நேரமே கிடைக்கவில்லை.

பாலக்காட்டுப் பள்ளிக்கூட ஹாலில் அவள் எனக்கு அடுத்த மேஜை. பேப்பரைச் சொருகினேன். கம்பி சுத்தமாக மறந்துபோனது. மணி அடிக்கப் போகிற நேரம். அவள் குனிந்து ரிப்பனைச் சரிசெய்கிற சாக்கில் என் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கம்பியத் தள்ளீரு புள்ள. மறந்துராத.”

தள்ளினேன். முகத்தைத் தூக்க முடியவில்லை. மணி அடித்தது, வெண்ணெயில் கை ஓடியது. பக்கத்து மேஜையில் அவள் ஒவ்வொரு ஏ எழுத்தையும் குத்துகிற சத்தம் தனியாகக் கேட்டது. கடைசிப் பத்தியில் அந்தச் சத்தம் தளர்ந்துகொண்டே போனது.

ரிசல்ட்டில் என் நம்பர் வந்தது, அவள் நம்பர் வரவில்லை. வண்டிப்பெரியார் எஸ்டேட் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தபோது அவள்தான் பஸ் ஏற்றிவிட வந்தாள். அன்றைக்குத்தான் கேட்கத் துணிவு வந்தது. தெரிந்துமா ஓரத்து மிஷினை எடுத்தாய் என்று கேட்டேன்.

“நீ தள்றதுக்கு முன்னாலயே நானும் தட்டிப் பாத்தனே. வெண்ணெயாட்ட இருந்துச்சு. கட்டற அன்னிக்குக் கல்லாயிருந்தப்பவே தெரிஞ்சு போச்சு. உனக்கு ஒருக்காதான். எங்கத்தா இன்னொருக்கா எழுத உடுவாரு.”

அத்தா விடவில்லை. அடுத்த பரீட்சைக்கு முன்னால் அவளுக்கு நிக்காஹ் ஆகிவிட்டது. நான் எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் டைப் அடித்து, அந்தச் சம்பளத்தில் மகளைப் படிக்க வைத்தேன். அந்தத் தோழியிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை. எனக்கு வெட்கம். இன்றைக்கும்தான்.

“கறுப்பு” என்றேன் மகளிடம்.

“கை வலிக்கும்மா.”

“வலிக்கட்டும்.”

போன வாரம் கீபோர்டு வந்து சேர்ந்தது. முதல் காரியமாக, இடது சுண்டுவிரலால் ஒரு வரி முழுக்க ஏ எழுத்தையே அடித்தேன். குத்தி அடித்தேன், தளர்ந்தும் அடித்தேன். விரல் வலித்ததுதான் மிச்சம், திரையில் எல்லாம் ஒரே கறுப்பில் விழுந்தன. ஒன்றுகூட மங்கவில்லை.

அவளுக்கு அன்றைக்கு இது கிடைத்திருக்கக் கூடாதா?